யாரு கஞ்சா இழுக்குறா, யாரு இழுக்கல? ஆர்ன்ஹெம் லேண்ட்ல ஊர் ஹெல்த் வொர்க்கர்ஸ வச்சு எண்ணுற முறை

ஒரு ஊரு. மொத்தமே எண்ணூறு, ஆயிரம் பேரு தான். அதுல எத்தனை பேரு கஞ்சா அடிக்கிறாங்க, எத்தனை பேரு அடிச்சு விட்டுட்டாங்க, எத்தனை பேரு தொட்டதே இல்லன்னு கண்டுபிடிக்கணும்னு வைங்க. கேக்க சின்ன வேலை மாதிரி தான் இருக்கு, ஃபார்ம் எடுத்துட்டு வீடு வீடா போனா ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்னு தோணும். ஆனா அந்த ஊரு இருக்கிறது ஆஸ்திரேலியாவோட வடக்கு ஓரத்துல, ஆர்ன்ஹெம் லேண்ட்ல. மழைக்காலம் வந்தா மண் ரோடு மூடிடும், சின்ன ப்ளேன்ல தான் போகணும், அங்க வீட்ல பேசுறது அந்த மண்ணோட பூர்வகுடிகளான யோல்ங்கு மக்களோட மொழிகள், நிறைய பேருக்கு இங்கிலீஷ் மூணாவதோ நாலாவதோ மொழி. கையில பேப்பரோட வர்ற நீங்க ஆஸ்பத்திரி ஆளா, போலீஸ் ஆளா, கவர்மென்ட் ஆளான்னு அவங்களுக்கு எப்படி தெரியும்? எதுக்கு உங்கள நம்பணும்?

நம்பாம இருக்க காரணமும் நிறைய இருக்கு. கவர்மென்ட்டே குடும்பத்துல இருந்து பிள்ளைங்கள பிடிச்சுட்டு போன வரலாறு இருக்கு. 2007 ஜூன்ல பெடரல் கவர்மென்ட் ஆர்ன்ஹெம் லேண்ட் இருக்குற நார்தர்ன் டெரிட்டரில, அபோரிஜினல் (பூர்வகுடி) மக்களோட ஊர்கள்ல அவசர நடவடிக்கைன்னு ராணுவத்தோட உதவியோட இறங்கினதும், சாராயத்துக்கு தடை போட்டதும், உதவிப்பணத்துல பாதிய எதுக்கு செலவு பண்ணணும்னு மேல இருந்தே முடிவு பண்ணதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. இப்படிப்பட்ட இடத்துல போய் "நீங்க கஞ்சா அடிப்பீங்களா?"ன்னு கேட்டா என்ன பதில் வரும்?

பெரும்பாலும் ஒரு தலையாட்டல் வரும். ஆஸ்திரேலிய மொழியியல் ஆளுங்க இத பத்தி நிறைய எழுதியிருக்காங்க, அதிகாரம் உள்ள வெளியாள் கேள்வி கேட்டா கேள்வி புரிஞ்சாலும் புரியலன்னாலும் "ஆமா"ன்னு சொல்லி சீக்கிரமா அனுப்பி விடுறது. கோர்ட்ல, போலீஸ் ஸ்டேஷன்ல இதனால பெரிய அநியாயம் நடந்திருக்கு. சர்வேலயும் அதே கதை தான், நீங்க கேள்விய எந்த பக்கமா சாய்ச்சு கேக்குறீங்களோ பதிலும் அந்த பக்கமே சாயும்.

நாடு முழுக்க எடுக்குற பெரிய சர்வேக்களும் இங்க உதவாது. அதுல சாம்பிள் ஆளுங்க பெரும்பாலும் சிட்டில இருப்பாங்க, தூரத்து ஊர்கள்ல இருந்து வர்ற எண்ணிக்கை ரொம்ப கம்மி, வர்றதும் ஸ்டேட் அளவுக்கு ஒரு சராசரியா தான் வரும். 2002ல எடுத்த அபோரிஜினல் மக்களுக்கான தேசிய சர்வேல குடிப்பழக்கம் நிஜத்த விட ரொம்ப குறைச்சு காட்டியிருக்குன்னு பின்னாடி ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினாங்க. ஊர்ல ஒரு புது போதைப்பொருள் நுழையுது, பத்தே வருஷத்துல பரவிடுது, ஆனா நம்பர் எங்கயும் இல்ல, நம்பர் இல்லாததால காசும் வரல, டாக்டரும் வரல. இது தான் பிரச்சனை.

இப்ப யோசிங்க. அந்த ஊர்ல யாரு கஞ்சா அடிக்கிறாங்கன்னு யாருக்குமே தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். ஆயிரம் பேரு இருக்குற ஊர்ல, அதுவும் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறைல சொந்தமா இருக்குற ஊர்ல, இதெல்லாம் ஊரறிஞ்ச ரகசியம் தான். அதாவது தகவல் இல்லாம இல்ல, தகவல் ஊருக்குள்ள இருக்கு. அத ஒழுங்கா, யாருக்கும் கெடுதல் இல்லாம எடுக்கிறது எப்படிங்குறது தான் கேள்வி. இந்த இடத்துல தான் ஊர் ஹெல்த் வொர்க்கர் வர்றாங்க.

அபோரிஜினல் ஹெல்த் வொர்க்கர்னா யாருன்னு சொல்லிடுறேன். அதே சமூகத்துல பிறந்து, ட்ரெயினிங் எடுத்து, அந்த ஊர் க்ளினிக்ல வேலை பாக்குறவங்க. நார்தர்ன் டெரிட்டரில 1985லயே இவங்களுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் வந்துடுச்சு, 2012 ஜூலைல நாடு முழுக்க வந்துச்சு. ஊசி போடுறதுல இருந்து ப்ளட் ப்ரஷர் பாக்குறது, டாக்டர் சொல்றத மொழிபெயர்க்கிறது, ராத்திரி ரெண்டு மணிக்கு கதவ தட்டுறவங்கள பாக்குறது வரைக்கும் இவங்க தான். சிட்டில இருந்து வர்ற நர்ஸும் டாக்டரும் ஆறு மாசம், ஒரு வருஷம் இருந்துட்டு போயிடுவாங்க, இவங்க அங்கயே தான் இருப்பாங்க. ஊரோட உடம்பு கணக்கு யாரு தலைக்குள்ள இருக்குன்னு கேட்டா இவங்க தலைக்குள்ள தான்.

நார்தர்ன் டெரிட்டரியோட தலைநகரம் டார்வின்ல இருக்குற மென்சீஸ் ஆராய்ச்சி நிறுவனத்தோட சேர்ந்து ஆலன் க்ளஃப்ங்குறவரும் கூட வேலை செஞ்சவங்களும் ஆர்ன்ஹெம் லேண்ட்ல இத முறையா செஞ்சு பாத்தாங்க, 2002, 2004ல கட்டுரைகள் வந்துச்சு. முதல்ல கவாங்குற போதை தர்ற வேர்ப்பானம், அப்புறம் கஞ்சா, புகையிலை, சாராயம், பெட்ரோல் முகர்றது எல்லாம். எனக்கு இதுல பிடிச்ச விஷயம், யோல்ங்கு ஆட்கள் வெறும் தகவல் குடுத்தவங்களா நிக்காம கட்டுரை எழுதினவங்க பட்டியல்லயே வந்தது தான்.

சரி, எப்படி செய்றாங்க? ஒரு மேஜைய மனசுல வச்சுக்கோங்க. அதுமேல க்ளினிக்கோட ஆள் லிஸ்ட், பேரு, வயசு, ஆணா பெண்ணா. சுத்தி ரெண்டு மூணு ஹெல்த் வொர்க்கர்ஸ். ஒவ்வொரு பேரா போறாங்க. இவரு இப்ப கஞ்சா அடிக்கிறாரா, முன்னாடி அடிச்சு விட்டாரா, எப்பவுமே இல்லையா, இல்ல நமக்கு தெரியலையா? இந்த நாலுல ஒண்ணு. அடுத்து கவா, அதே நாலு. அடுத்து சாராயம். அப்புறம் அடுத்த பேரு. சம்பந்தப்பட்ட ஆளயே கேக்காம அவர நல்லா தெரிஞ்ச இன்னொருத்தர் வழியா தகவல் எடுக்கிறதுக்கு ப்ராக்ஸின்னு பேரு.

பாக்க ஈஸி தான். ஆனா முதல் பக்கத்துலயே மூணு சிக்கல் வரும்.

மொதல்ல அந்த லிஸ்ட்டே. க்ளினிக் லிஸ்ட்ல ஆயிரத்து இருநூறு பேரு இருப்பாங்க, ஆனா இன்னைக்கு ஊர்ல அத்தனை பேரு இல்ல. சிலர் கல்யாணம் பண்ணி வேற ஊர் போயிட்டாங்க, சிலர் சொந்த நிலத்துல இருக்குற சின்ன குடியிருப்புக்கு போயிருக்காங்க, அத ஹோம்லேண்ட்னு சொல்வாங்க, சிலர் டார்வின்ல டயாலிசிஸ்ல, சிலர் ஜெயில்ல. வகுக்குற எண் தப்பா இருந்தா சதவீதம் எல்லாமே தப்பு. அதனால யாரு கஞ்சா அடிக்கிறாங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி யாரு இங்க இருக்காங்கன்னு தான் கேக்கணும், அதுக்கும் பதில் சொல்ல முடியுறது அதே ஹெல்த் வொர்க்கர்ஸுக்கு தான். எந்த சிட்டி ஆபீஸ் டேட்டாபேஸாலயும் அத சொல்ல முடியாது.

ரெண்டாவது, லிஸ்ட்ல போன வாரம் இறந்து போனவரோட பேரு இருக்கும். பல அபோரிஜினல் சமூகங்கள்ல இறந்தவர் பேர கொஞ்ச காலத்துக்கு சொல்லக்கூடாது, அதே பேரு உள்ள உயிரோட இருக்குறவங்களயும் வேற பேர்ல தான் கூப்பிடுவாங்க. மத்திய ஆஸ்திரேலியால பிட்ஜன்ஜாரா மக்கள் கிட்ட குன்மனாரான்னு ஒரு மாத்துப் பேரே இதுக்குன்னு இருக்கு. வெளில இருந்து வந்த ஆளு அந்த பேர சத்தமா படிச்சிட்டாருன்னா அன்னைக்கு அந்த மேஜைல வேலை முடிஞ்சுது. லிஸ்ட்ட முன்னாடியே ஊர் ஆள வச்சு சரி பண்ணிட்டு தான் உக்காரணும்.

மூணாவது தான் ரொம்ப முக்கியம். யோல்ங்கு மக்கள் கிட்ட அண்ணன் தங்கச்சி, அக்கா தம்பி உறவுல ஒரு கடுமையான ஒதுக்கம் உண்டு, மிரிரின்னு சொல்வாங்க. ஒருத்தர் பேர ஒருத்தர் வாயால சொல்றதுல இருந்து அவங்க சொந்த விஷயத்த கேக்குற இடத்துல இருக்குறது வரைக்கும் கட்டுப்பாடு. மாமியார் மருமகன் உறவுலயும் ஒதுங்கி நிக்கணும். அப்ப ஒரு பெண் ஹெல்த் வொர்க்கர் தன்னோட தம்பி பேரு வரும்போது என்ன பண்ணுவாங்க? வாய திறக்க மாட்டாங்க, அது தான் சரியும் கூட. இத புரிஞ்சுக்காத ஆளு "தெரியல"ன்னு டிக் போட்டுட்டு போயிடுவாரு, டேட்டால ஓட்டை விழும். அதனால ஒரே ஒருத்தர வச்சு பண்ண முடியாது, வேற வேற குலத்துல இருந்து ஆண் ஒருத்தர், பெண் ஒருத்தர்னாவது வேணும், ஒருத்தர் சொல்லக்கூடாத பேர இன்னொருத்தர் சொல்லலாம். சொந்த முறை தெரியாம இங்க சாம்பிள் டிசைனே பண்ண முடியாதுன்னு தான் நான் சொல்லுவேன்.

சரி, இவங்க சொல்றது உண்மைன்னு எப்படி நம்புறது? இங்க தான் கொஞ்சம் கணக்கு வருது, பயப்படாதீங்க.

ரெண்டு ஹெல்த் வொர்க்கர்ஸ தனித்தனியா உக்கார வச்சு ஒரே நூறு பேர பத்தி கேக்குறோம்னு வைங்க. இது நானா போட்ட கற்பனைக் கணக்கு. ரெண்டு பேருமே "அடிக்கிறாரு"ன்னு சொன்னது 35 பேர. ரெண்டு பேருமே "இல்ல"ன்னு சொன்னது 45 பேர. மீதி 20 பேருல பத்து பேர இவர் ஆமான்னாரு அவர் இல்லன்னாரு, பத்து பேருக்கு திருப்பி. ஒத்துப்போனது 80. அடடா எண்பது சதவீதம்னு சந்தோஷப்படலாம், ஆனா கொஞ்சம் நில்லுங்க, ரெண்டு பேரும் கண்ண மூடிட்டு குத்துமதிப்பா சொல்லியிருந்தாலும் கொஞ்சம் ஒத்துப்போயிருக்கும்ல? ரெண்டு பேருமே நூத்துக்கு 45 பேர ஆமான்னு சொல்றவங்க, அப்ப தற்செயலா ஒத்துப்போறது கிட்டத்தட்ட 50. அந்த 50ஐ கழிச்சுட்டு, மீதி இருக்குற 50ல எவ்வளவு நிஜமா ஒத்துப்போயிருக்காங்கன்னு பாக்கணும். 50க்கு 30, அதாவது 0.6. இந்த நம்பருக்கு தான் கப்பான்னு பேரு. பூஜ்யம்னா வெறும் குத்துமதிப்பு, ஒண்ணுன்னா முழு ஒற்றுமை, 0.6னா பரவால்ல நல்லாவே இருக்குன்னு எடுத்துக்கலாம்.

இது எதுக்கு முக்கியம்னா புகையிலைய எடுத்துக்கோங்க. நூத்துல எண்பது தொண்ணூறு பேரு சிகரெட் பிடிக்கிற ஊருன்னு வச்சா, எதையும் யோசிக்காம எல்லாரையும் "பிடிக்கிறாரு"ன்னு எழுதினாலே எண்பது தொண்ணூறு சதவீதம் சரியா வந்துடும். பாக்க பிரமாதமான சர்வே, உள்ள ஒண்ணுமே இல்ல. கப்பா அந்த ஏமாத்துத்தனத்த காட்டிக் குடுத்துடும்.

ஆனா ரெண்டு பேரு ஒத்துப்போறது ஒண்ணு, அது உண்மையா இருக்குறது வேற ஒண்ணு. ரெண்டு பேருமே சேர்ந்து தப்பா சொல்லலாமே. அதனால வேற ஒரு ஆதாரத்தோட ஒத்துப் பாக்கணும். சிலர நேர்லயே, அவங்க மொழிலயே, தனியா இண்டர்வியூ எடுத்து பாக்கலாம், க்ளினிக் ஃபைல பாக்கலாம். சில பொருளுக்கு உடம்பே சாட்சி சொல்லும்.

கவா தான் அதுக்கு நல்ல உதாரணம். பசிபிக் தீவுகள்ல குடிக்கிற ஒரு வேரோட தூள், தண்ணில கலக்கி குடிப்பாங்க, 1980களோட ஆரம்பத்துல சாராயத்துக்கு பதிலா இது பரவால்லன்னு நல்லெண்ணத்துல ஆர்ன்ஹெம் லேண்டுக்கு வந்துச்சு. ஃபிஜில சடங்கு முறைல குடிக்கிறது இங்க வட்டமா உக்காந்து ராத்திரி முழுக்க ஓடுற பழக்கமா ஆயிடுச்சு. நிறைய குடிக்கிறவங்களுக்கு தோல் காய்ஞ்சு, மீன் செதில் மாதிரி உரிய ஆரம்பிக்கும், உடம்பு எடை குறையும், ரத்தத்துல ஜிஜிடிங்குற லிவர் என்சைம் ஏறும். குடிக்கிறத விட்டா தோலு திரும்ப சரியாகும், ஜிஜிடியும் இறங்கும். இப்ப பாருங்க, ஹெல்த் வொர்க்கர் "இவரு அதிகமா குடிக்கிறாரு"ன்னு சொன்ன ஆளோட கைய பாத்தா செதில் இருக்கு, ரத்தத்துல ஜிஜிடி ஏறியிருக்கு, "குடிக்கல"ன்னு சொன்னவர்கிட்ட ரெண்டும் இல்ல, அப்படி திரும்பத் திரும்ப வந்தா அவங்க கணிப்ப நம்பலாம்னு தைரியமா சொல்லலாம். கஞ்சால இந்த வசதி இல்ல. யூரின் டெஸ்ட்ல தினமும் அடிக்கிறவருக்கு வாரக்கணக்குல பாசிட்டிவ் காட்டும், எவ்வளவு அடிச்சாருன்னு காட்டாது, அதோட ஒரு ஊர் முழுக்க யூரின் கேட்டு நிக்கிறது மரியாதையும் இல்ல.

கஞ்சா இங்க பரவலா வந்தது 1990களோட கடைசில தான். கொஞ்ச வருஷத்துலயே இளவட்ட ஆண்கள்ல பாதிக்கு மேல அடிக்கிற நிலைமைக்கு வந்துடுச்சுன்னு தெரிய வந்தது இப்படிப்பட்ட கணக்கெடுப்புல இருந்து தான். அதுவரைக்கும் டார்வின்லயும் கான்பெராலயும் யாருக்கும் அது ஒரு விஷயமாவே தெரியல.

இந்த முறை எங்க சறுக்கும்னும் சொல்லிடணும், இல்லன்னா நான் முழுசா சொன்ன மாதிரி ஆகாது. "யாரு"ங்குற கேள்விக்கு நல்லா பதில் வரும், "எவ்வளவு"ங்குற கேள்விக்கு வராது. பக்கெட் பாங்னு ஒண்ணு, வெட்டின ப்ளாஸ்டிக் பாட்டில பக்கெட் தண்ணில முக்கி புகைய மொத்தமா இழுக்குறது, கஞ்சாவோட புகையிலையும் கலந்திருக்கும், நாலஞ்சு பேரு மாறி மாறி இழுப்பாங்க. இதுல ஒருத்தருக்கு எத்தனை கிராம் போச்சுன்னு பக்கத்துல உக்காந்திருக்கிறவராலயே சொல்ல முடியாது, ஹெல்த் வொர்க்கர் எங்க சொல்றது? அடுத்து மறைச்சு பண்றவங்க, முக்கியமா பெண்கள், விட்டுப் போயிடுவாங்க. க்ளினிக்குக்கு அடிக்கடி வர்றவங்கள பத்தி நல்லா தெரியும், வராத திடகாத்திரமான இளைஞன பத்தி கம்மியா தெரியும். "முன்னாடி அடிச்சாரு, இப்ப விட்டுட்டாரு"ங்குற கட்டம் தான் ரொம்ப குழப்பம், ஏன்னா ஒருத்தர் மூணு மாசமா விட்டத ஊர் நம்பவே மூணு வருஷம் ஆகும்.

அளவு தெரியணும்னா வேற வழி வேணும். சாராயத்துக்குன்னு பின்னாடி க்ரோக் (Grog, அங்க சாராயத்துக்கு பேச்சு வழக்குப் பேரு) சர்வே ஆப்னு ஒண்ணு செஞ்சாங்க, டேப்லெட்ல ஓடும், இங்கிலீஷ்லயோ பிட்ஜன்ஜாரா மொழிலயோ அதுவே சத்தமா கேள்வி கேக்கும். "வாரத்துக்கு எத்தனை ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்"னு கேக்காது, பத்து கிராம் ஆல்கஹாலுக்கு ஒரு ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்னு யாரு மனசுல கணக்கு போட்டுட்டு குடிக்கிறா? கடைசியா குடிச்ச நாலு தடவைய ஒவ்வொண்ணா கேக்கும், எந்த பாட்டில், எந்த கப், படத்த தொட்டு காட்டினா போதும், எத்தனை பேரு பகிர்ந்தீங்கன்னும் கேக்கும். குடிக்கிற விதத்துக்கு ஏத்த மாதிரி கேள்விய மாத்தினது தான் இதுல புத்திசாலித்தனம்.

ஆனா ஊர் அறிவோட பலம் எனக்கு முழுசா புரிஞ்சது பெட்ரோல் விஷயத்துல தான். மத்திய ஆஸ்திரேலியால பல ஊர்கள்ல பசங்க டின்ல பெட்ரோல் ஊத்தி மூஞ்சில வச்சு முகர்ந்துட்டு இருந்தாங்க, மூளை கெட்டுப்போயி வீல் சேர்ல உக்காந்தவங்க, செத்தவங்க நிறைய. 2005ல பிபி கம்பெனி ஓபல்னு ஒரு பெட்ரோல் கொண்டு வந்துச்சு, போதை தர்ற அரோமாடிக் பொருள் ரொம்ப கம்மி, வண்டி ஓடும், முகர்ந்தா கிறங்காது. இது வேலை செய்யுதான்னு எப்படி அளக்குறது? முகர்றவன்கிட்ட போய் கேட்டா சொல்லுவானா? ஊர்ல இருக்குற ஹெல்த் வொர்க்கர், யூத் வொர்க்கர், ராத்திரி ரோந்து போற நைட் பேட்ரோல் ஆளுங்க, பெரியவங்க, இவங்கள கேட்டு, முழுப் பேர வெளில விடாம, வயசு, ஆணா பெண்ணா, எப்பவாவது முகர்றாங்களா, அடிக்கடியா, விடாமலான்னு மட்டும் பிரிச்சு எண்ணினாங்க. சில வருஷம் கழிச்சு திரும்ப அதே ஊர்கள்ல எண்ணினாங்க. 20 ஊர்கள்ல முதல் கட்டத்துலயே 70 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, 2013-14ல 17 ஊர்கள்ல பாக்கும்போது ஆரம்பத்த விட 88 சதவீதம் குறைவு. இந்த நம்பர் கையில இல்லாம இருந்திருந்தா ஓபல் விக்க மாட்டேன்னு அடம் பிடிச்ச பங்க் ஓனர்ஸ்கிட்ட பேசுறது கஷ்டமா இருந்திருக்கும். 2013ல அதுக்குன்னு தனி சட்டமே வந்துச்சு.

ஒரு விஷயம் மட்டும் என் மனச உறுத்திட்டே இருக்கு. இந்த முறைல அளவு கருவி ஒரு மனுஷி. தெர்மாமீட்டர கழுவி வச்சிடலாம், இவங்கள அப்படி வைக்க முடியாது. அந்த லிஸ்ட்ல இருக்குறவங்கள்ல இவங்க சித்தப்பா பையன் இருக்கான், பக்கத்து வீட்டு அக்கா இருக்காங்க. கஞ்சா சட்டவிரோதம், லிஸ்ட் தப்பான கைக்கு போனா போலீஸ் பிரச்சனை வரலாம். அப்படி ஒண்ணு நடந்தா ஆராய்ச்சியாளர் ப்ளேன் ஏறிடுவாரு, இவங்க அதே ஊர்ல அதே கடைல அடுத்த நாள் ரொட்டி வாங்க நிக்கணும். அதனால தான் ஊர்க் கூட்டத்துல பேசி சம்மதம் வாங்காம ஆரம்பிக்கக் கூடாது, பேருக்கு பதிலா நம்பர், பேரையும் நம்பரையும் சேர்க்குற சாவி தனியா பூட்டி வைக்கணும், எந்த ஊருங்குறதயே ரிப்போர்ட்ல மறைக்கணும், ஏன்னா எண்ணூறு பேரு ஊர்ல "நாப்பது வயசுக்கு மேல பெட்ரோல் முகர்ற பெண் ஒருத்தர்"னு எழுதினாலே பேரு எழுதின மாதிரி தான். இவங்க வேலைக்கு சம்பளமும் பேரும் குடுக்கணும், "உதவி செய்தவர்களுக்கு நன்றி"ன்னு கடைசி பக்கத்துல ஒரு வரில முடிக்கக் கூடாது.

முடிவு வந்ததும் அது முதல்ல போக வேண்டியது அந்த ஊருக்கு தான், அவங்க மொழில, சார்ட்டா, படமா, க்ளினிக் வெளில மரத்தடில உக்காந்து. நம்பர பாத்துட்டு ஒரு பாட்டி "இது கம்மி, எங்க பக்கத்து தெருவ நீங்க எண்ணவே இல்ல"ன்னு சொன்னா, பேனாவ எடுத்து திரும்ப எழுத ஆரம்பிக்கணும்.